ஃபர்ம்வேர் என்றால் என்ன, அதைப் பாதுகாப்பாகப் புதுப்பிப்பது எப்படி

கணினியின் பவர் பட்டனை அழுத்தும் நொடியில் ரேம் வெறுமையாக இருக்கிறது. எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸையோ லினக்ஸையோ எடுத்து ரேமில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இதற்காகவே, மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சிறு சிப்பில் தொழிற்சாலையிலேயே ஒரு நிரலை எழுதி மதர்போர்டில் பொருத்திவிடுகிறார்கள். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசஸர், மின்சாரம் வந்ததும், தன்னால் எட்டக்கூடிய 1 எம்பி முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே உள்ள இடத்தில் தன் முதல் கட்டளையைத் தேடும். அந்த முகவரி ரோம் சிப்புக்கு உரியது. அங்கே 8 கேபி அளவில் எழுதப்பட்டிருந்த பயாஸ்தான் விசைப்பலகையையும் நினைவகத்தையும் ஃப்ளாப்பி டிரைவையும் சோதித்து, இயங்குதளத்தை ஏற்றி, கணினியை அதனிடம் ஒப்படைத்தது. இப்படி ஒரு சாதனத்துக்குள்ளேயே குடியிருந்து, அதன் வன்பொருளை நேரடியாக இயக்கும் நிரலையே ஃபர்ம்வேர் என்கிறோம்; தமிழில் நிலைப்பொருள் என்றும் எழுதுவதுண்டு.

ஃபர்ம்வேரையும் டிரைவரையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரைவர் என்பது இயங்குதளத்தின் பகுதி; அது கணினியின் ப்ராசஸரில் ஓடி, சாதனத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்று இயங்குதளத்துக்குச் சொல்லித்தருகிறது. ஃபர்ம்வேர் சாதனத்தின் பக்கம் இருக்கிறது. பிரிண்டரின் டிரைவரை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினால் பிரிண்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. பிரிண்டரின் ஃபர்ம்வேர் கெட்டுப்போனாலோ, எந்தக் கணினியில் இணைத்தாலும் அது வேலை செய்யாது. விண்டோஸை முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவிய பிறகும் ஒரு கோளாறு அப்படியே தொடர்ந்தால், அது வன்பொருளிலோ ஃபர்ம்வேரிலோ இருக்கிறது என்று சந்தேகிக்க இதுவே காரணம்.

ஒரு சாதாரண மேசைக் கணினிக்குள் ஃபர்ம்வேர் ஓரிடத்தில் மட்டும் இல்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ் அல்லது அதன் வாரிசான யூஈஎஃப்ஐ எல்லோருக்கும் தெரிந்தது. எஸ்எஸ்டிக்குள் ஒரு தனிக் கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. எந்தத் தரவை எந்த ஃபிளாஷ் அறையில் எழுதுவது, தேய்ந்த அறைகளை எப்படி ஒதுக்குவது என்பதையெல்லாம் அதன் ஃபர்ம்வேர் முடிவு செய்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை கார்டு, மானிட்டர், கீபோர்டு, வெப்கேம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர் உண்டு. சில வைஃபை கார்டுகள் தம்முள் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இயங்குதளமே ஃபர்ம்வேர் கோப்பை அவற்றுக்கு அனுப்ப வேண்டும். டெபியன் லினக்ஸை நிறுவும்போது வைஃபை கிடைக்காமல் பலர் திண்டாடியதற்கு, அந்தக் கோப்புகள் நிறுவல் படிமத்தில் இல்லாததே காரணம். 2022-இல் அந்தத் திட்டத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023-இல் வந்த டெபியன் 12 அவற்றையும் சேர்த்தே வெளியானது.

ரோம் சிப்பில் எழுதியதை மாற்ற முடியாது. அதன் பிறகு வந்த ஈப்ராம் சிப்பின் மேல் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் செலுத்திப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். பயாஸைப் புதுப்பிப்பது என்றால் கணினியைத் திறந்து சிப்பையே மாற்றுவது என்று பொருள்பட்ட காலம் அது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் இந்த நிலையை மாற்றியது. சிப்பைக் கழற்றாமலே, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் எழுத முடிந்தது. எழுத முடிந்தால் கெடுக்கவும் முடியும் என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் காட்டியது. அது வன்தட்டிலிருந்த தரவை அழித்ததோடு நிற்காமல், இடம் கொடுத்த கணினிகளில் பயாஸ் சிப்பின் மேலும் குப்பையை எழுதியது. அப்படித் தாக்கப்பட்ட கணினி, பட்டனை அழுத்தினாலும் திரையில் எதையும் காட்டாது. இன்றைய மதர்போர்டுகள் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்பை ஏற்க மறுப்பதற்கு இத்தகைய அனுபவங்களே வழிவகுத்தன.

எப்போது புதுப்பிக்க வேண்டும்?

புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டுமே பயாஸைப் புதுப்பிக்கப் போதுமான காரணம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பதிப்போடும் தயாரிப்பாளர் ஒரு மாற்றக் குறிப்பை வெளியிடுகிறார். அதில் உங்களுக்குப் பொருந்தும் வரி ஒன்றாவது இருக்க வேண்டும். புதிய ப்ராசஸருக்கான ஆதரவு என்று மட்டும் எழுதியிருந்து, நீங்கள் ப்ராசஸரை மாற்றப்போவதில்லை என்றால், அந்தப் பதிப்பை விட்டுவிடலாம். அதற்கு நேர்மாறாக, பாதுகாப்புக் குறைபாடு, தரவு இழப்பு, மின்னழுத்தம் ஆகிய மூன்றில் எதைப் பற்றியாவது குறிப்பு இருந்தால், தள்ளிப்போடக் கூடாது.

மின்னழுத்தத்தை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். ப்ராசஸருக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் ஃபர்ம்வேருக்குப் பெரும் பங்கு உண்டு. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில், குறிப்பாக எக்ஸ்3டி வகை ப்ராசஸர்கள், சில மதர்போர்டுகளில் கருகிப்போன செய்திகள் வந்தன. அதைத் தொடர்ந்து வந்த பயாஸ் பதிப்புகள், ப்ராசஸருக்குள் நினைவகக் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை விதித்தன. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசஸர்கள் தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, நாளடைவில் நிலைகுலைந்தன. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வெளியான மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) திருத்தங்கள் பயாஸ் வழியாகவே பயனர்களுக்குக் கிடைத்தன. ஏற்கெனவே சேதமடைந்த ப்ராசஸரை எந்தப் புதுப்பிப்பும் மீட்காது. ஆகவே அந்தத் தலைமுறைகளில் உள்ள ஐ7, ஐ9 வகைக் கணினி வைத்திருப்பவர்கள், இன்னும் பழைய பயாஸிலேயே இருந்தால், இக்கட்டுரையின் மற்ற பகுதிகளைப் படித்த கையோடு அதைப் புதுப்பித்துவிட வேண்டும்.

எஸ்எஸ்டி ஃபர்ம்வேரைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கெட்டுப்போன மதர்போர்டுக்கு மாற்று கிடைக்கும், எஸ்எஸ்டியில் இருந்த புகைப்படங்களுக்குக் கிடைக்காது. 2019 நவம்பரில் எச்பிஈ நிறுவனம் தன் சர்வர்களுக்கான சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எச்பிடி8 பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேர் உள்ள டிரைவ்கள், மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம், ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும். அதன் பிறகு டிரைவையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது. எண்ணைக் கவனியுங்கள்: 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் எழுதக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 32,767; ஓடிய நேரத்தை அப்படிப்பட்ட எண்ணில் எண்ணியிருந்தால், அடுத்த மணி நேரத்துக்கு அதில் இடம் இல்லை. பல டிரைவ்களை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பில் நான்கு டிரைவ்களை ஒரே நாளில் பொருத்தியிருந்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்பதால், ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும் என்ற ரெய்டின் அடிப்படையே அங்கே பயனற்றுப்போகிறது.

வீட்டுக் கணினிகளுக்கும் இது புதிதன்று. க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டி 5,184 மணி நேரத்தைத் தாண்டியதும் கணினியை மணிக்கொரு முறை உறையவைத்தது. 2012 ஜனவரியில் வந்த 0309 பதிப்பு அதைச் சரிசெய்தது. சாம்சங் 980 ப்ரோவின் ஒரு ஃபர்ம்வேர் பதிப்பு, டிரைவை எழுத முடியாத, வாசிக்க மட்டுமே இயலும் நிலைக்குத் தள்ளிவிடக்கூடியதாக இருந்தது. அதற்கும் திருத்தம் வந்தது. இரண்டிலும், திருத்தத்தை முன்கூட்டியே ஏற்றியவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியைத் திறந்தால், எஸ்எஸ்டியின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, இதுவரை ஓடிய மொத்த மணி நேரம் ஆகிய மூன்றும் ஒரே திரையில் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அதைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள பதிப்போடு ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதே கவலைக்குரிய செய்தி. அங்கே புகுந்துவிட்ட தீநிரலை ஆண்டிவைரஸ் காண்பது அரிது. 2023 டிசம்பரில் வெளிவந்த லோகோஃபெயில் என்ற குறைபாடுகளின் தொகுப்பில், கணினி தொடங்கும்போது தோன்றும் நிறுவனச் சின்னத்தின் படக் கோப்பைத் திருத்தியே யூஈஎஃப்ஐக்குள் நுழைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதிக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடிவுறத் தொடங்குகிறது. அவற்றுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே இதைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், சில கணினிகளுக்குத் தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் தேவைப்படும்.

மாடலை அடையாளம் காணுதல்

மதர்போர்டு பயாஸைப் புதுப்பிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை எழுதும் வேளையில் நிகழ்வதில்லை, கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நிகழ்ந்துவிடுகின்றன. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டச்சு செய்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரை திறக்கும். அதில் ‘பேஸ்போர்டு ப்ராடக்ட்’ என்ற வரியில் மதர்போர்டின் மாடலும், ‘பயாஸ் வெர்ஷன்/டேட்’ என்ற வரியில் இப்போதைய பதிப்பும் இருக்கும். இரண்டையும் ஓர் எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளவும். மாடல் பெயரின் இறுதியில் ‘வைஃபை’ என்றோ ‘டி4’ என்றோ ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சொல் வேறொரு போர்டைக் குறிக்கலாம். ஜிகாபைட் போர்டுகளில் ஒரே மாடலுக்குள் திருத்த எண்களும் உண்டு. போர்டின் மூலையில் ‘ரெவ் 1.0’, ‘ரெவ் 1.1’ என்பது போல் அச்சிட்டிருப்பார்கள். கேபினட்டைத் திறந்து, டார்ச் அடித்து அந்த எண்ணைப் பார்த்த பிறகே பதிவிறக்கப் பக்கத்தில் அதே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேப்டாப்பாக இருந்தால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள சீரியல் எண்ணை டெல், எச்பி, லெனோவோ ஆகியவற்றின் தளங்களில் கொடுத்தால் அந்தக் கணினிக்கு உரிய கோப்பை மட்டும் காட்டும்.

கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரப்படுத்தப்படும் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. மாற்றக் குறிப்பில், இந்தப் பதிப்புக்கு முன் வேறொரு பதிப்பை நிறுவியிருக்க வேண்டும் என்றோ, இதை நிறுவிய பின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்றோ எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகைக் குறிப்பு அச்சுறுத்துவதாகத் தோன்றினாலும், குறைபாடுள்ள பழைய பதிப்பைத் தாக்குபவர்கள் மீண்டும் நிறுவிவிடாமல் இருக்கவே பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள்.

எழுதுவதற்கு முன்

முதலில் பிட்லாக்கர், அதாவது வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வைக்கும் விண்டோஸ் வசதி. வட்டு குறியாக்கத்துக்கான சாவியை, அதைக் காத்துவைக்கும் டிபிஎம் என்ற சிப், கணினியின் ஃபர்ம்வேர் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே விடுவிக்கும். பயாஸைப் புதுப்பித்ததும் அந்த அளவீடு மாறிவிடக்கூடும் என்பதால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். தம் கணினியில் குறியாக்கம் இருப்பதே பலருக்கு அந்தத் திரையைப் பார்க்கும்போதுதான் தெரியவருகிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் அது தானாகவே இயக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குச் சென்று ‘சஸ்பெண்ட் ப்ரொடெக்‌ஷன்’ என்பதை அழுத்தவும். இந்தப் படியை விட்டுவிட்டால், சாவியும் கையில் இல்லாத பட்சத்தில், எந்தக் கோளாறும் இல்லாத கணினியில் உள்ள எல்லாத் தரவும் உங்களுக்கே எட்டாமல் போய்விடும்.

அடுத்து, முக்கியமான கோப்புகளை வெளியே ஓர் இடத்தில் பேக்கப் எடுத்து வைக்கவும். பின்பு கணினியை மறுதொடக்கம் செய்து, டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் செட்டிங் திரைக்குள் செல்லவும். அங்கே நீங்கள் மாற்றியிருப்பவை அனைத்தையும் கைபேசியால் படம் எடுத்துக்கொள்ளவும்: எஸ்எஸ்டி எந்த முறையில் இருக்கிறது, அதாவது ஏஎச்சிஐயா ரெய்டா விஎம்டியா என்பது, எந்த டிரைவிலிருந்து பூட் ஆகிறது என்பது, மெய்நிகர் கணினிகளுக்கான வசதி இயங்குகிறதா என்பது, விசிறிகளின் வேக அமைப்பு. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ மூலம் ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை நிறுத்திவிட்டு இயல்பு நிலைக்குக் கொண்டுவரவும். புதிய பயாஸ் கோப்பு முதலில் ரேமுக்கு வந்து, பிறகே சிப்பில் எழுதப்படுகிறது; அந்த நேரத்தில் ரேம் தடுமாறக் கூடாது.

மின்சாரம் கடைசி ஏற்பாடு. ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக மேலெழுத இயலாது. ஒரு பகுதியை முதலில் அழித்து, அதன் பிறகே அங்கே புதியதை எழுத முடியும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. மேசைக் கணினியை யூபிஎஸ்ஸில் இணைக்கவும். இடி மின்னல் உள்ள நாளிலும், மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பல லேப்டாப்கள் எழுதவே மறுத்துவிடும்.

எழுதுதல்

மேசைக் கணினியில் விண்டோஸுக்குள் இருந்தபடி எழுதும் செயலிகளைவிட, மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் கருவியையே நான் பரிந்துரைக்கிறேன். ஆசஸ் அதை ஈசி ஃபிளாஷ் என்றும், எம்எஸ்ஐ எம்-ஃபிளாஷ் என்றும், ஜிகாபைட் க்யூ-ஃபிளாஷ் என்றும், ஆஸ்ராக் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்றும் அழைக்கின்றன. பின்னணியில் வேறு எந்த நிரலும் ஓடாததால் அங்கே குறுக்கீடு குறைவு. ஒரு பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பதிவிறக்கிய ஜிப் கோப்பை விரித்து, உள்ளே உள்ள பயாஸ் கோப்பை மட்டும் அதில் வைத்து, நேரடியாக மதர்போர்டின் பின்புறத்தில் உள்ள யூஎஸ்பி துளையில் செருகவும். பயாஸ் திரைக்குள் சென்று அந்தக் கருவியைத் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுத்தால், அது கோப்பையும் போர்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உறுதி கேட்கும். ஒப்புக்கொண்ட பிறகு அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்று கருவி தானே முன்னேறும். அந்தச் சில நிமிடங்களில் விசைப்பலகையைத் தொடவே வேண்டாம்.

லேப்டாப்புக்குத் தயாரிப்பாளரின் நிரலோ விண்டோஸ் அப்டேட்டோ போதும். அவை புதிய ஃபர்ம்வேரை வட்டில் உள்ள பூட் பகுதியில் வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்கின்றன. விண்டோஸ் வருவதற்கு முன் யூஈஎஃப்ஐயே அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து எழுதிக்கொள்கிறது. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதே வழியை ரெட் ஹேட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எஃப்டபிள்யூஅப்டி என்ற திட்டம் திறந்துவிட்டிருக்கிறது. பழைய காலத்தில் இதற்காகவே விண்டோஸை ஒரு மூலையில் நிறுவி வைத்திருக்க வேண்டியிருந்ததை நினைத்தால், அவருக்கும் கோப்புகளைத் தாமாக முன்வந்து தரும் தயாரிப்பாளர்களுக்கும் லினக்ஸ் பயனர்கள் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

எழுதி முடித்து மறுதொடக்கம் ஆனதும் வரும் கறுப்புத் திரையில்தான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில், குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில், புதிய ஃபர்ம்வேர் முதல் முறை தொடங்கும்போது ரேமோடு பேச ஏற்ற நேர அளவுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. ரேமின் அளவு அதிகமானால் இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். விசிறி சுழலும், திரையில் ஒன்றும் இருக்காது, கணினி ஓரிரு முறை தானாகவே அணைந்து எரியவும் கூடும். கால் மணி நேரமாவது காத்திருக்காமல் பவர் பட்டனை அழுத்தக் கூடாது.

கணினி வந்ததும் நேரே விண்டோஸுக்குள் போய்விடாமல், மறுபடி பயாஸ் செட்டிங்குக்குச் சென்று இயல்புநிலை மதிப்புகளை ஒரு முறை ஏற்றி, பிறகு எடுத்து வைத்த படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி அமைக்கவும். முன்பு விஎம்டி அல்லது ரெய்டு முறையில் இருந்த எஸ்எஸ்டி, புதுப்பித்த பின் ஏஎச்சிஐக்கு மாறியிருந்தால், விண்டோஸ் தன் வட்டைக் காண முடியாமல் நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மீண்டும் நிறுவத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு செட்டிங்கை மாற்றினாலே போதும். விண்டோஸ் சரியாக வந்த பிறகு, எம்எஸ்இன்ஃபோ32 திரையில் புதிய பதிப்பு எண்ணை உறுதி செய்து, பிட்லாக்கரை மீண்டும் இயக்கிவிடவும்.

எஸ்எஸ்டியும் ரௌட்டரும்

எஸ்எஸ்டிக்கு சாம்சங் மெஜிஷியன், க்ரூஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், டபிள்யூடி டாஷ்போர்டு என்று அந்தந்த நிறுவனத்தின் செயலிகளே இருக்கின்றன. பேக்கப் எடுத்துவிட்டு, செயலியில் புதுப்பிப்பை அழுத்தி, அது கேட்டால் கணினியை முழுவதும் அணைத்து மறுபடி இயக்கினால் முடிந்தது.

ரௌட்டரில் கவனிக்க வேண்டியது அடிப்பக்கச் சீட்டில் உள்ள வன்பொருள் பதிப்பு எண். ஒரே பெயரில் விற்கப்படும் ரௌட்டரின் ‘வி1’, ‘வி2’, ‘வி3’ ஆகியவற்றுக்குள் வெவ்வேறு சிப்கள் இருக்கக்கூடும். ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வைஃபை வழியாக எழுத வேண்டாம், கணினியை லேன் கேபிளால் இணைக்கவும். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இப்போதைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, இணைய இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனியே எழுதி வைத்த பிறகே ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றவும். இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமாக இருந்தால் அதை அந்த நிறுவனமே தொலைவிலிருந்து புதுப்பிக்கும். வெளியிலிருந்து எடுத்த கோப்பை அதில் ஏற்றினால் இணைப்பே நின்றுவிடும். தயாரிப்பாளர் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்ட ரௌட்டரை, நன்றாக ஓடுகிறது என்பதற்காகத் தொடர்ந்து வைத்திருப்பது சரியன்று. ரௌட்டர்களுக்கான திறந்த மூல ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டி அந்த மாடலை ஆதரித்தால் அதை நிறுவலாம், இல்லாவிட்டால் மாற்றிவிடலாம். லிங்க்சிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரில் லினக்ஸைப் பயன்படுத்தியிருந்ததால், அதன் உரிம விதிப்படி 2003-இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. ஓப்பன்டபிள்யூஆர்டி அதிலிருந்து பிறந்தது.

பாதியில் நின்றுவிட்டால்

எழுதும்போது மின்சாரம் போய்விட்டது, இப்போது விசிறி மட்டும் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் முதலில் போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் அந்தப் பேட்டரி காப்பது கடிகாரத்தையும் செட்டிங்குகளில் சிலவற்றையும்தான். பயாஸ் நிரல் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, பேட்டரி இல்லாமலும் அங்கேயே இருக்கும். செட்டிங் தவறினால் பேட்டரியைக் கழற்றுவது உதவும். நிரலே சிதைந்திருந்தால் உதவாது.

உதவக்கூடியவை வேறு. போர்டின் பின்புறத்தில் ‘பயாஸ் ஃபிளாஷ்பேக்’, ‘ஃபிளாஷ் பயாஸ்’, ‘க்யூ-ஃபிளாஷ் ப்ளஸ்’ என்று எழுதிய சிறு பட்டன் இருந்தால், பென் டிரைவை அதற்கென்று குறிக்கப்பட்ட துளையில் செருகி, மின்சாரம் இணைந்திருக்க, கணினியை இயக்காமலே அந்தப் பட்டனை அழுத்தலாம். ப்ராசஸரின் உதவியின்றித் தனிச் சிப் ஒன்று கோப்பை எழுதிவிடும். கோப்பின் பெயர் நிறுவனம் சொன்னபடியே இருக்க வேண்டும்: எம்எஸ்ஐயிலும் ஜிகாபைட்டிலும் நிறுவனத்தின் பெயரையே கோப்புக்குச் சூட்ட வேண்டும், ஆசஸ் பெயரை மாற்றும் கருவியைக் கோப்போடு தருகிறது. ஜிகாபைட்டின் சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்கள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது பொறுப்பேற்கும். எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினாலும், டெல் லேப்டாப்களில் கண்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தியபடி சார்ஜரைச் செருகினாலும், பல மாடல்களில் மீட்புத் திரை வரும்.

இவை எதுவும் இல்லாத போர்டுக்கு, சிப்பில் நேரடியாக எழுதும் ப்ரோக்ராமர் கருவியே வழி. பழுதுபார்க்கும் கடைகளில் பரவலாக இருக்கும் சிஎச்341ஏ என்ற சிறு கருவியை, எட்டுக் கால்கள் கொண்ட பயாஸ் சிப்பின் மேல் ஒரு கிளிப்பால் கவ்வி, இன்னொரு கணினியிலிருந்து எழுதுவார்கள். நீங்களே செய்தாலும் கடையில் கொடுத்தாலும் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். முதலாவது மின்னழுத்தம்: சில சிப்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை, புதிய லேப்டாப்களில் பலவும் 1.8 வோல்ட்டில் இயங்குபவை. சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்து, 1.8 வோல்ட் சிப் என்றால் அதற்குரிய அடாப்டரை இடையில் போட வேண்டும், இல்லாவிட்டால் சிப் எரிந்துபோகலாம். இரண்டாவது, எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை அப்படியே வாசித்து ஒரு கோப்பில் சேமிப்பது. இரண்டு முறை வாசித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். மாறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். சிதைந்த நிரல்தானே என்று இதைத் தவிர்க்கக் கூடாது. அந்தச் சிப்பிலேயே கணினியின் சீரியல் எண்ணும், பல லேப்டாப்களில் விண்டோஸ் உரிமச் சாவியும், சில போர்டுகளில் லேன் முகவரியும் எழுதப்பட்டிருக்கின்றன. இணையத்திலிருந்து எடுத்த கோப்பில் அவை இருக்காது. சேமித்த கோப்பிலிருந்து அந்தப் பகுதிகளை எடுத்துப் புதிய கோப்பில் பொருத்திய பிறகே சிப்பில் எழுத வேண்டும்.